கேட்கும் முகம்: இசை சொல்லிக்கொடுப்பவர்களைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சனி, ஞாயிறு காலையில் நடக்கும் இலவச இசை வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசகசாலையின் பின்னறை, சர்ச் ஹால், யாரோ விட்டுக்கொடுத்த பழைய ஓட்டு வீடு என்று இடம் ஏதோ ஒன்று. ஒரு மூலையில் மிருதங்கம், இன்னொரு மூலையில் கீபோர்டு, முற்றத்தில் வில்லுப்பாட்டு. சொல்லிக்கொடுப்பவர்களின் படம் வேண்டும் என்று தொண்டு அமைப்பு கேட்கிறது. ஆண்டறிக்கைக்கு வேண்டும், வலைத்தளத்துக்கு வேண்டும், நோட்டீசுக்கும் வேண்டும். கேமராவோடு போகும் புதியவர் ஆளைச் சுவரோரம் நிறுத்துவார், கையில் வாத்தியத்தைக் கொடுப்பார், "சார், கொஞ்சம் சிரிங்க" என்பார். பாஸ்போர்ட் படத்தில் ஒரு வயலின் கூடச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. நல்ல போன் ஒன்றும், ஒரு ஜன்னலும், கொஞ்சம் பொறுமையும் போதும். பொறுமை சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

முகபாவம் எங்கிருந்து வருகிறது

முகத்தில் உணர்ச்சி கொட்டிக் கிடந்தால்தான் பாவமுள்ள உருவப்படம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால்தான் கச்சேரிப் படங்களில் வாயை அகலத் திறந்த பாடகர்களும் கன்னம் புடைத்த நாதஸ்வரக்காரர்களுமே நிறைந்திருக்கிறார்கள். வாய் திறப்பதும் கன்னம் புடைப்பதும் உடம்பின் உழைப்பு. மூச்சைப் பிடித்து மூட்டை தூக்குகிறவர் முகத்திலும் அது வரும். மனம் ஒன்றில் போய் நிலைக்கும்போது முகம் தன்னை மறந்து ஒரு வடிவம் எடுக்கிறதே, அதைத்தான் பாவம் என்கிறோம். கேட்டு வாங்க முடியாது. "சிரிங்க" என்றால் வாய் மட்டும் சிரிக்கும். உண்மையான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும். அந்தத் தசையை நினைத்தவுடன் அசைக்கப் பெரும்பாலானோரால் முடியாது. சொல்லிச் சிரிக்கவைத்த படம் போலியாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

மேடைக் கலைஞருக்கும் ஆசிரியருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மேடையில் இருப்பவரின் கவனம் தன் பாட்டில் இருக்கும். ஆசிரியரின் கவனம் அடுத்தவர் பாட்டில் இருக்கும். ஆகவே இசை ஆசிரியரைப் படமெடுக்கப் போனால், அவர் வாசிக்கும் நேரத்தைவிட அவர் கேட்கும் நேரத்தைக் குறிவையுங்கள். இந்தக் கட்டுரையின் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இந்த ஒன்றுக்கு உதவத்தான்.

ஒரு பிள்ளை பாடத் தொடங்குகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு சுற்று, ஆசிரியரின் முகம் சும்மா இருக்கும். பிள்ளை வழக்கமாகத் தடுக்கும் இடம் அவருக்குத் தெரியும். அந்த இடம் நெருங்க நெருங்கப் புருவம் சற்றே உயரும், தலை ஒரு பக்கம் சாயும், சில பேருக்கு உதடு தானாகவே அந்த ஸ்வரத்தை முணுமுணுக்கும். பிள்ளை தப்பினால் கண் ஒரு கணம் மூடித் திறக்கும். சரியாகத் தாண்டினாலோ, அடக்கிவைத்த மூச்சு மூக்கு வழியே வெளியேறிக் கன்னம் தளரும். அந்தத் தளர்ச்சி அரை வினாடிகூட நிற்காது. "சபாஷ்" என்று வாய் திறப்பதற்குள் அது போய்விடும். அதற்கு முந்தைய கணமே நமக்கு வேண்டியது.

பிள்ளையை எங்கே உட்காரவைப்பது

ஆசிரியரை எங்கே உட்காரவைப்பது என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். மாணவர் எங்கே உட்காருகிறார் என்பதை வைத்தே படம் அமைகிறது, ஏனென்றால் ஆசிரியரின் முகம் அந்தப் பக்கம் திரும்பும்.

ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று கொள்வோம். ஆசிரியர் ஜன்னலிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளிப் பாயில் அமர்ந்திருக்கிறார். மாணவரை உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, உங்கள் இடத் தோளுக்குச் சற்று முன்னால் உட்காரவையுங்கள். ஆசிரியர் மாணவரைப் பார்க்கும்போது அவர் மூக்கு ஜன்னல் பக்கம் முப்பது, நாற்பது பாகை திரும்பும். ஒளி அவர் கண்ணுக்குள் இறங்கும். கேமராவுக்கு அகலமாகத் தெரியும் கன்னம் மெல்லிய நிழலில் விழுந்து முகத்துக்குக் கனம் கொடுக்கும். அதே மாணவரை உங்கள் வலப்பக்கம் வைத்தால் கதை மாறிவிடும். ஆசிரியர் ஜன்னலுக்குப் பிடரியைக் காட்டுவார், காது மின்னும், கண் இரண்டும் இருட்டாகும். சட்டென்று எதையும் மாற்ற முடியாத வகுப்பு என்றால் நீங்கள் எழுந்து மறுபக்கம் போய்விடுங்கள். பாயை இழுத்துப் போட்டு வகுப்பைக் கலைக்காதீர்கள்.

கேமராவின் உயரம் முக்கியம். கர்நாடக இசை வகுப்பு தரையில் நடக்கும். நின்றுகொண்டு எடுத்தால் ஆசிரியரின் உச்சந்தலையும் பாயும்தான் படத்தில் பெரிதாக வரும், ஆள் குறுகிப்போவார். நீங்களும் தரையில் அமர்ந்து, லென்ஸ் அவர் கண்மட்டத்துக்கோ ஒரு சாண் கீழேயோ இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் முழங்கையை ஊன்றினால் கை ஆடாது.

ஓட்டு வீட்டு ஒளி

குமரி மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகளில் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியே விழும் ஒளி பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் நேர்கீழே ஆளை உட்காரவைத்தால் நெற்றியும் மூக்குநுனியும் வெளுத்து, கண்குழி இரண்டும் கறுத்துவிடும். உச்சி வெயிலில் எடுத்த படம் போலவே இருக்கும். இரண்டு வழி உண்டு. ஆளை அந்த ஒளிக்கம்பத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி பின்னால் நகர்த்துங்கள், ஒளி சாய்ந்து முகத்துக்கு வரும். இல்லையென்றால் கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புங்கள். வெள்ளை வேட்டி கட்டிச் சம்மணமிட்டிருப்பவருக்கு மடியே இந்த வேலையைச் செய்துவிடும். விழுந்த ஒளி வேட்டியில் பட்டு மேலே எழும்பி, கண்குழியை நிரப்பும். அடர்நிறப் பட்டுச்சேலை கட்டிய டீச்சர் என்றால் அந்த உதவி கிடைக்காது. படத்துக்கு வெளியே, அவர் முழங்காலுக்கு முன்னால், ஒரு வெள்ளைத் துண்டையோ தெர்மாகோல் அட்டையையோ விரித்துவையுங்கள்.

ஜன்னலொளியில் கவனிக்கவேண்டியது நிறம். இங்கே ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் தென்னையோ வாழையோ ரப்பரோ நிற்கும். இலையில் பட்டு வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். நம் கண் அதைப் பழகிக்கொள்ளும், கேமரா அப்படியே பதிந்துவைக்கும், முகம் நோயாளி முகம்போல் வரும். வெளியே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் நீலம் ஏறும். அறைச் சுவர் ரோஸ், இளம்பச்சை என்று பூசியிருந்தால் அந்தப் பக்கக் கன்னத்தில் அந்தச் சாயம் தெரியும். ஆளைச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காரவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, ஆசிரியரின் முகத்தருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் திருத்தும்போது அந்தத் தாளை வெள்ளையாக்கினால் முகத்தின் நிறமும் தானே சரியாகும்.

ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகலொளியும் அதுவும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறுகன்னம் ஒரு நிறம் என்று வரும், அதைத் திருத்தவே முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, 1/500 வினாடி என்று வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். விளக்கில்லாமல் முடியாது என்ற இடத்தில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை விழாது. வகுப்பில் சத்தம் கேட்கக்கூடாது என்று மிரர்லெஸ் கேமராவில் ஓசையில்லா ஷட்டரைப் போடுபவர்களை இந்தப் பட்டை இன்னும் மோசமாகப் பிடிக்கும், ஏனென்றால் அந்த ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது.

மழைக்காலம் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. மேகம் மூடிய நாளில் ஜன்னலொளி மென்மையாக இருக்கும். அளவு மீறினால் முகம் தட்டையாகிவிடும். அப்போது நிழல் பக்கம் ஒரு கறுப்புப் போர்வையையோ கறுப்புக் குடையையோ பிடியுங்கள். அது ஒளியைக் குடித்து, கன்னத்தில் நிழலை மீட்டுத் தரும்.

எண்கள்

முகம் கோணலாவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். நெருங்கிப் போவதால்தான் அது நடக்கிறது. இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும், எந்த லென்ஸாக இருந்தாலும் சரி. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருங்கள். போனில் சாதாரண 1 எக்ஸில் நெருங்கிப் போகாமல், 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் வைத்து அந்தத் தூரத்திலேயே அமருங்கள்.

ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இந்த வேலைக்குப் பொருத்தம். இரண்டு மீட்டர் தூரத்தில் செங்குத்தாகப் பிடித்தால் ஏறக்குறைய 94 செ.மீ. உயரம் படத்துக்குள் அடங்கும். தரையில் அமர்ந்தவர் மடியிலிருந்து தலைவரை வந்துவிடுவார். முகமும் தோளும் போதும் என்றால் ஒன்றரை மீட்டர்.

இந்த லென்ஸ் வாங்கியவர் எல்லோரும் முதலில் செய்யும் பிழை, லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8-இல் எடுப்பது (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). இரண்டு மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் 11, 12 செ.மீ.தான். கண் தெளிந்தால் வாத்தியம் பஞ்சாகும். ஒன்றரை மீட்டருக்கு வந்தால் அது ஆறரை செ.மீ. ஆகிவிடும், தலை கொஞ்சம் ஆடினாலே கண் தவறிவிடும். எஃப் 4 வைத்தால் இரண்டு மீட்டரில் 25 செ.மீ. கிடைக்கும், முகமும் வாத்தியத்தின் மேல்பகுதியும் சேர்ந்து தெளியும். முகம் மட்டும் என்றால் எஃப் 2.8 போதும். ஒளி குறைந்தால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படம் பரவாயில்லை, ஆடிய படம் குப்பைக்குத்தான் போகும்.

ஷட்டர் வேகம் ஆளைப் பொறுத்தது. கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்கு 1/125, பாடும் முகத்துக்கு 1/250, தவில் விரலை உறையவைக்க 1/500-க்கு மேல். ஆனால் மிருதங்கக் கை உறைந்து நின்றால் வாசிக்காமல் சும்மா கை வைத்திருப்பதுபோல் தெரியும். 1/60-க்கு இறக்கிப் பாருங்கள். தலை அசையாத கணம் பார்த்து எடுத்தால் முகம் தெளிவாகவும் விரல்கள் மட்டும் கலங்கலாகவும் வரும். பத்தில் ஒன்றுதான் தேறும், தெரிந்தே எடுங்கள்.

போனில் போர்ட்ரெய்ட் மோடை வாத்தியத்தோடு பயன்படுத்தாதீர்கள். எது முன், எது பின் என்று மென்பொருள் ஊகித்து வெட்டுகிறது. வயலின் வில்லின் பாதியையும் வீணைத் தந்தியையும் டீச்சர் தலையில் வைத்த பிச்சிப்பூவின் ஓரத்தையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

எந்த அட்சரத்தில் அழுத்துவது

படமெடுப்பவருக்குச் சங்கீதம் தெரியவேண்டாம். தாளம் எண்ணத் தெரிந்தால் போதும். எல்லா வகுப்பிலும் கேட்கும் தொடக்கப் பயிற்சியான முதல் சரளிவரிசையையே எடுத்துக்கொள்வோம். மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம், எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஏறும்போது ச ரி க ம ப த நி ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச.

இப்போது வாயைப் பாருங்கள். ச, க, த மூன்றும் 'அ'வில் திறக்கும், நீட்டிப் பாடினால் தாடை தொங்கும். 'ரி', 'நி' இரண்டும் 'இ'யில் முடிவதால் உதடு பக்கவாட்டில் விரியும், கன்னம் உயரும், சிரிப்பின் சாயல் தெரியும். ம, ப இரண்டும் உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்துகள். ஏறினாலும் இறங்கினாலும் இந்த விரிப்பு இரண்டாம், ஏழாம் அட்சரங்களில்தான் வருகிறது. உதடு ஒட்டுவதோ நான்காம், ஐந்தாம் அட்சரங்கள் பிறக்கும் கணத்தில். ஆசிரியரின் தாளக் கையைப் பார்த்தே இதைப் பிடித்துவிடலாம். தட்டி, சுண்டுவிரலை எண்ணும்போது இரண்டு. நடுவிரலில் நான்கு. அடுத்த தட்டு ஐந்து. அதற்கடுத்த தட்டு ஏழு. முகம் மலர்ந்த படம் வேண்டுமென்றால் சுண்டுவிரலில் அழுத்துங்கள். அமைதியான படம் வேண்டுமென்றால் நடுவிரலுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே காத்திருங்கள். கண்ணால் பார்த்தபின் அழுத்தினால் ஏற்கெனவே தாமதம். கை தட்டப்போகிறது என்று தெரிந்தே விரல் முன்கூட்டி அழுந்தவேண்டும். வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்திலும் மூன்றாம் காலத்திலும் இது நடக்காது, முதல் காலத்தில் பழகுங்கள்.

தாள வாத்தியக்காரருக்குக் கணக்கு வேறு. கோர்வையை, அதாவது முடிப்புக்கான சொற்கட்டை, மூன்று முறை வாசித்து, தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுவார். விழும்வரை முகம் இறுகியிருக்கும். விழுந்த மறுநொடியில் நிமிர்ந்து பார்ப்பார். மூன்றாவது முறை தொடங்கியதும் தயாராகுங்கள்.

ஒரு கணத்துக்கு மூன்று, நான்கு படம் போதும். விரலை எடுக்காமல் நூறு படம் சுட்டுத் தள்ளுவோர் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வாத்தியம் வாரியாகச் சில குறிப்புகள்

நாதஸ்வரம் இரண்டரை, மூன்று அடி நீளம். நேர்முன்னால் அமர்ந்து எடுத்தால் அணைசு, அதாவது அதன் விரிந்த அடிவாய், லென்ஸ் அருகே வந்து பூதாகாரமாகத் தெரியும், ஆள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார். நாற்பத்தைந்து பாகை பக்கவாட்டில் வந்தால் குழல் படத்தின் குறுக்கே சாய்கோடாக ஓடும். ஊதும்போது கண்ணும் மூடிக் கன்னமும் புடைத்திருக்கும் என்பதால் அதை ஒன்றிரண்டோடு விடுங்கள். குழலை வாயிலிருந்து எடுத்து, தவிலின் பதிலைக் கேட்கிறாரே, அதுதான் முகம். ஊதும் நாக்கான சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திப் பார்க்கும் நேரமும் நல்லது. குழலிலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள், தெரிந்தவர் கண் அங்கேதான் போகும்.

தவில்காரரின் வலக்கை விரல்களில் உறைபோன்ற கூடு மாட்டியிருக்கும், இடக்கையில் கழி. வகுப்புக்கு முன் கூட்டை ஒவ்வொன்றாக மாட்டும்போது குனிந்த முகத்தில் ஒரு நிதானம் வரும். சீக்கிரம் போனால்தான் அது கிடைக்கும்.

நம் வயலின் ஆசிரியர்கள் தரையில் அமர்ந்து, வயலினின் சுருள்தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பார்கள். ஆக முகம் குனிந்தே இருக்கும். கேமராவை இன்னும் தாழ்த்துங்கள். ஆட்டோஃபோகஸ் முன்னால் நீண்டிருக்கும் சுருள்தலையைத்தான் முதலில் பிடிக்கும். வீணையில் யாளிமுகம், மேடையில் மைக் எல்லாம் இப்படித்தான் ஏமாற்றும். ஒற்றைப்புள்ளி ஃபோகஸை அருகிலிருக்கும் கண்ணில் வையுங்கள், போன் என்றால் கண்ணைத் தொட்டு அழுத்திப் பூட்டுங்கள்.

வில்லுப்பாட்டு சொல்லிக்கொடுப்பவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், இந்த மண்ணின் கலை என்பதால் மட்டும் அல்ல, முகம் இவ்வளவு வேலை செய்யும் வேறு கலை இங்கே குறைவு. குழுவின் முதன்மைப் பாடகரான அண்ணாவி கதை சொல்கிறார், பாத்திரமாக மாறுகிறார், அடுத்த வரியில் திரும்பவும் கதைசொல்லி ஆகிவிடுகிறார். வில் ஆளைவிட நீளம். முழு வில்லையும் குடத்தையும் உடுக்கையையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் போனால் குழுப்படம் கிடைக்கும், முகம் கடுகாகிவிடும். அது தனிப் படம். உருவப்படத்துக்கு வில்லின் நடுப்பகுதி போதும். நாண் படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு கோடாக ஓடட்டும், மணிகள் இரண்டு தெரியட்டும், நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்த கை உள்ளே வரட்டும். இருபுறமும் துணைப்பாட்டுப் பாடும் வலம் பாடுபவர், இடம் பாடுபவர் பக்கம் அவர் திரும்பும் கணமே படத்துக்கு உரியது. அண்ணாவி ஒரு வரியைத் தொடுத்துவிட்டு "ஆமா" என்ற பதிலுக்குக் காத்திருப்பார். மாணவர்கள்தான் அந்தப் பதிலைச் சொல்வார்கள், பிந்திச் சொல்வார்கள். அந்தப் பிந்துதலில் அவர் முகத்தில் ஒரு குறும்பு ஓடும்.

கீபோர்டு, கிட்டார் வகுப்பு பெரும்பாலும் சர்ச் ஹாலில் நடக்கும். கீபோர்டை முன்னாலிருந்து எடுத்தால் ஆளை இரண்டாக அறுத்துப் போடும். அதன் ஓரத்தில் நின்று கட்டைகளின் நீளவாக்கில் பாருங்கள், கைக்கும் முகத்துக்கும் ஒரு வழி கிடைக்கும். வண்ணக்கண்ணாடி ஜன்னலருகே மட்டும் உட்காரவைக்காதீர்கள்.

மாநிறம், கறுப்பு, விபூதி

கேமராவின் தானியங்கி அளவீடு பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை படத்தில் பாதி இடத்தை அடைத்தால் அது பயந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும், கறுத்த முகம் இன்னும் கறுத்துவிடும். வேட்டியை விட்டுவிட்டு முகத்தில் அளந்து எடுங்கள். போனில் முகத்தைத் தொட்டபின் விரலை மேலும் கீழும் இழுத்துச் சரிசெய்யலாம். அப்படிச் செய்தால் வேட்டி வெளுத்துப்போகிறதா? ஆளைச் சற்றுத் திருப்பி, வேட்டிக்கு ஒளி குறைவாகவும் முகத்துக்கு மிகுதியாகவும் விழச்செய்யுங்கள். எதையாவது இழந்தே ஆகவேண்டும் என்றால் வேட்டியின் மடிப்பை இழக்கலாம். நெற்றியில் விபூதி மூன்று கோடாகத் தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் ஒளி அதிகம் என்று பொருள், மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்).

கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுக்கம்தான். கன்னத்தெலும்பில், மூக்குத்தண்டில் விழும் அந்தப் பளபளப்பை அகலமான ஜன்னலொளி நீளமாகவும் மென்மையாகவும் வரையும். பல்பு, ஃபிளாஷ் போன்ற சிறிய ஒளி அதையே வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். வியர்வை மிகுந்தால் துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், பவுடர் வேண்டாம், சாம்பல் பூத்ததுபோல் வரும்.

பிறகு ஸ்டுடியோவில் நடக்கும் கொடுமை. முகத்தை வெளுப்பாக்கினால்தான் வேலை செய்ததாக நினைக்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. முகம் வெளுக்கும், கழுத்தும் கையும் வேறு ஆளுடையதாக நிற்கும். நிழலைச் சற்றே தூக்கலாம், அத்தோடு நிறுத்துங்கள். போனில் அழகுபடுத்தும் வசதியை முழுக்க அணைத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தோலை வழவழப்பாக்கும் அதே வேகத்தில் அது விபூதிக் கோட்டையும் கண்ணோரச் சுருக்கத்தையும் அழித்துவிடும். அந்தச் சுருக்கத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்.

மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால் கழற்றச் சொல்லாதீர்கள். கண்ணாடிக் காம்பைக் காதிலிருந்து அரை விரற்கடை உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிம்பம் விலகும்.

போகும் முன்னும் போன பின்னும்

முந்தைய வாரம் அதே நேரத்தில் ஒருமுறை போய் ஒளி எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். கோயில் கொடைவிழாக் காலத்தில் வில்லுப்பாட்டு, நாதஸ்வரக் கலைஞர்களை அழைக்காதீர்கள். இரவெல்லாம் கோயிலில் பாடிவிட்டு வந்தவரின் சிவந்த கண்ணைப் பாவம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், அவர் மனைவி ஏற்கமாட்டார்.

செருப்பை வெளியே விடுங்கள். வாத்தியத்தைத் தாண்டாதீர்கள், கேட்காமல் தொடாதீர்கள், வீணையைத் தூக்கி நிற்கச் சொல்லாதீர்கள். முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு எடுத்து மடியில் வையுங்கள். பழகிவிடுவார்கள். முகம் இறுகியே இருக்கிறது என்றால், "சார், அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்த இன்னொருக்கா சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். கேமராவை அவர் மறக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

பின்னணியில் அமைப்பின் பெயர் போட்ட ஃபிளெக்ஸ் பேனரை நிச்சயம் கட்டச் சொல்வார்கள். அதன் சிவப்பும் மஞ்சளும் முகத்தைத் தின்றுவிடும். மறுத்துச் சண்டை போடாமல், பேனரோடு ஒரு குழுப்படம் எடுத்துக் கொடுத்துவிட்டு அதைச் சுருட்டிவைக்கச் சொல்லுங்கள். திருவள்ளுவர் சிலையோரம், சுசீந்திரம் கோயில் வாசல் என்று ஆசிரியரை அழைத்துப் போகலாமே என்றும் யாராவது சொல்வார்கள். 133 அடிச் சிலைக்கு முன்னால் யார் முகம் தெரியும்? வகுப்பறையே நல்லது. முட்டம், குளச்சல் கடற்கரையில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் உப்புக்காற்று வாத்தியத் தந்திக்கும் லென்ஸுக்கும் ஆகாது. வீடு வந்ததும் ஈரத்துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். இந்த ஈரப்பதத்தில் துணிப்பைக்குள் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படரும்.

மாணவர் முகம் படத்தில் தெரிந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தோளும் பின்னந்தலையும் மட்டும் மங்கலாகத் தெரியும்படி எடுத்தால் படமும் நன்றாக இருக்கும். நன்கொடையாளர் இரக்கப்படவேண்டும் என்று கிழிந்த பாயையும் ஒழுகும் கூரையையும் தேடிப் போகாதீர்கள். அவர் வித்தை சொல்லிக்கொடுப்பவர், அப்படியே காட்டுங்கள். படக்குறிப்பில் பெயர், வாத்தியம், எத்தனை ஆண்டாகக் கற்பிக்கிறார் என்பது போதும். நாதஸ்வரம், தவில் என்றதும் சாதியையோ பரம்பரையையோ ஊகித்து எழுதிவிடுகிறார்கள். அவராகச் சொன்னால் ஒழிய வேண்டாம்.

இருநூறு படத்தில் ஐந்தைத் தேர்வதற்கு எளிய சோதனை ஒன்று. திரையில் வாயைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். அவர் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்போதும் தெரிந்தால் அந்தப் படம் தேறியது. தேர்ந்த படங்களை அவரிடம் காட்டி, அவர் வேண்டாம் என்பதை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

அச்சடிக்கும்போது ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480 × 3508 பிக்சல் வேண்டும், 12 மெகாபிக்சல் போன் படம் தாராளம். ஏ3 போஸ்டருக்கு 3508 × 4961, அதாவது 17 மெகாபிக்சலுக்கு மேல். கேமராப் படம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். 8 × 10 அங்குலத்தில் பிரிண்ட் போடக் கொடுத்தால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை லேப்காரர் வெட்டிவிடுவார். பார்த்துப் பார்த்துச் சட்டகத்துக்குள் கொண்டுவந்த அணைசு அங்கேதான் காணாமல் போகும். எடுக்கும்போதே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள், இல்லையென்றால் 8 × 12 என்று கேட்டு வாங்குங்கள். ஆசிரியருக்கு ஒரு பிரதி கூடுதலாகப் போடச் சொல்ல மறக்கவேண்டாம்.